அப்டேட் போட்டேன், மறுகா எல்லாம் போச்சு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். கடையிலும் அதே கதைதான். போன கிழமை கல்லடியில் என் கடை மேசையில் ஒரே நேரத்தில் நாலு டெப் (டெப்லெட்) கிடந்தன. நாலு பேரும் சொன்னது ஒன்றுதான்: "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அப்டேட் போட்டேன், மறுகா எல்லாம் போச்சு." நாலையும் பார்த்து முடித்தபோது நாலுக்கும் நோய் வேறு வேறு. ஒன்றில் பற்றரி கிழடு தட்டியிருந்தது, ஒன்றில் மெமறி நிரம்பி வழிந்தது, ஒன்றுக்குச் சார்ஜர் வயர் பழுது, மற்றதற்கு ஒரு நோயும் இல்லை, சொந்தக்காரருக்குப் பொறுமைதான் இல்லை. அதனால் இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரின்ரர் பற்றிக் கேட்ட காரைதீவு நண்பர் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். முதலில் ஓர் ஆசிரியையின் கடிதம்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் படிப்பிக்கிறேன். 2022இல் வாங்கிய சாம்சங் கலக்சி டெப் ஏ8, 32 ஜிபி. பல மாதமாகத் தள்ளிப்போட்டு வந்த அன்ட்ராய்ட் 14 அப்டேட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை போட்டேன். இன்று புதன். முன்பெல்லாம் காலையில் நூறு வீதத்தோடு கொண்டுபோனால் பாடசாலை விட்டு வந்தும் அரைவாசி மிஞ்சும். இப்போது இடைவேளை முடிந்த கையோடு 30க்கு வந்துவிடுகிறது. பின்பக்கம் சுடுகிறது. ஒரு பிடிஎவ் திறக்க ஒரு யுகம். மாலையில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கப் பார்க்கச் சார்ஜ் ஏற்றுவேன். இரவில் நெருப்புப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் வயரைக் கழற்றி, டெப்பையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். பழைய அன்ட்ராய்டுக்குத் திரும்பிப் போகலாமா? – ஓர் ஆசிரியை

டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பிடித்த வரி "இன்று புதன்" என்பதுதான். நீங்கள் கேட்காமலே எனக்குத் தேவையான தகவலைத் தந்துவிட்டீர்கள். ஞாயிறு போட்ட அப்டேட்டுக்குப் புதன்கிழமை தீர்ப்பு எழுதக்கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்கு இது நன்றாக விளங்கும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு சுற்றுநிருபம் வருகிறது என்று வையுங்கள். யாராவது ஓர் இரவு இருந்து அதைத் தமிழில் எழுதி வைத்துவிட்டால், அதன்பிறகு எல்லோரும் எடுத்து வாசித்துக்கொண்டு போகலாம். எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இந்த வரிக்கு என்ன சேர்?" என்று கேட்க வேண்டும். அவருக்கும் களைப்பு, நமக்கும் தாமதம். அன்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் அந்தச் சுற்றுநிருபம் மாதிரித்தான். டெப்பின் புரொசசருக்கு விளங்கும் மொழியில் அதை முன்கூட்டியே மாற்றி எழுதி வைத்திருப்பார்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் அந்தப் பழைய மொழிபெயர்ப்புச் செல்லாமல் போய்விடும். திரும்பவும் எழுத வேண்டும்.

இனித்தான் உங்கள் வீட்டுக் கதை. இந்த எழுத்து வேலையை அன்ட்ராய்ட் பெரும்பாலும் எப்போது செய்யும் தெரியுமா? டெப் சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் தொடாமல் சும்மாவும் இருக்க வேண்டும். அதாவது நடு இரவில். நீங்களோ இரவில் அணைத்துவிடுகிறீர்கள். சார்ஜ் ஏறும் மாலை நேரத்திலோ பிள்ளைகள் கையில் கார்ட்டூன். மூன்று நாளும் அந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் நீங்கள் வகுப்பில் பிடிஎவ் திறக்கும்போது, அந்த ஆப் வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டே ஓடுகிறது. புரொசசருக்கு இரட்டை வேலை. தாமதம், சூடு, பற்றரி இறக்கம் மூன்றும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. இதற்கு மேலே பிளே ஸ்ரோரில் முப்பது நாற்பது ஆப்கள் தங்கள் புதுப் பதிப்பை இறக்க வரிசையில் நிற்கும். புகைப்படங்களைத் திரும்பக் கிண்டிக் கிளறி அடுக்குகிற வேலையும் இருக்கும். மாணவர் கொப்பிகளைப் படம் எடுத்து வைக்கிற பழக்கம் உள்ள டீச்சர்மாரின் டெப்பில் எத்தனை ஆயிரம் படம் இருக்கும் என்று நான் கடையில் கண்டிருக்கிறேன்.

அதனால் முதல் மருந்து: இரண்டு இரவு டெப்பை அணைக்காமல், வைபையோடு, சார்ஜில் விட்டுவிடுங்கள். உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். தலையணைக்கு அடியிலும் மெத்தைக்கு மேலும் வைத்தால் பயப்படத்தான் வேண்டும். கவரைக் கழற்றி, சீமெந்துத் தரையிலோ வெறும் மேசையிலோ வையுங்கள். சார்ஜர் டெப்போடு வந்ததாகவோ நம்பகமானதாகவோ இருக்கட்டும். சந்தையில் கோர்த்துத் தொங்கவிட்டு விற்கிற சார்ஜர் வேண்டாம்.

இரண்டாவது, அந்த 32 ஜிபி. சிஸ்டமே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும், மிச்சத்தில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். இந்த மெமறிச் சில்லுக்கு ஒரு குணம்: காலி இடம் குறையக் குறைய அதன் வேகமும் விழும். புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் பழையதை நகர்த்தி, அழித்து, இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். விசேட வீட்டில் ஐந்தடிச் சமையலறையில் பத்துப் பேர் நிற்கிற மாதிரி. நாலைந்து ஜிபியாவது காலியாக வையுங்கள். இந்த மொடலில் மெமறி காட் போட இடம் உண்டு. படங்களை அதற்கு மாற்றிவிடுங்கள். வட்ஸ்அப்பில் "காலை வணக்கம்" வீடியோக்கள் எத்தனை கிடக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். நான் ஒரு டெப்பில் மூன்று ஜிபிக்கு வெறும் ரோசாப்பூ கண்டேன்.

பழைய அன்ட்ராய்டுக்குத் திரும்புவது பற்றி: வேண்டாம். சாம்சங் பல அப்டேட்டுகளில் பின்னுக்குப் போகும் வழியையே அடைத்துவிடும். அடைக்காத இடத்திலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தால்தான் போகலாம். போனாலும் பாதுகாப்பு ஓட்டைகளோடு இருப்பீர்கள். பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலும் உங்கள் வங்கி ஆப்பும் அதே டெப்பில்தானே.

ஒரு கிழமை கழித்தும் இடைவேளைக்குள் 30க்கு இறங்கினால், அப்போது பற்றரியைச் சந்தேகிக்கலாம். என்னிடம் விரலளவு யூஎஸ்பி மீற்றர் ஒன்று இருக்கிறது. சார்ஜருக்கும் வயருக்கும் நடுவில் செருகினால் எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். உங்கள் மொடலுக்குப் பற்றரி 7040 மில்லி அம்பியர்-மணி. வாட் கணக்கில் ஏறக்குறைய 27 வாட்-மணி வரும். வழியில் வீணாவதையும் சேர்த்தால், வெறுமையிலிருந்து நிரம்ப மீற்றரில் 30க்கு மேல் காட்ட வேண்டும். அன்றைக்கு மேசையில் கிடந்த நாலில் ஒன்று உங்கள் மொடல்தான். அது 19இல் நின்று, "நூறு வீதம், போதும்" என்றது. அந்த டெப்புக்கு அப்டேட் ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்த பற்றரி, அப்டேட் கொண்டுவந்த மேலதிக வேலையைத் தாங்க முடியாமல் அந்தக் கிழமை வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஆரையம்பதியிலிருந்து ஒருவர் ஐபேட் கொண்டுவந்தார். அப்டேட் போட்டு இரண்டு நாள், பற்றரி நிற்கவில்லை என்றார். நானும் அவசரக்காரன், உடனே பற்றரி மாற்றினேன். இரண்டு கிழமையில் வந்து, "அண்ணன், புதுப் பற்றரி அந்த மாதிரி நிக்குது" என்று கை குலுக்கினார். அவர் போன பிறகு, லாச்சியில் கிடந்த அந்தப் பழைய பற்றரியைச் சும்மா எடுத்துச் சோதிக்கும் கருவியில் போட்டேன். 88 வீதம். மாற்றத் தேவையே இருக்கவில்லை. இரண்டு நாள் சும்மா விட்டிருந்தால் அதுவே சரியாகியிருக்கும். மனம் கேட்கவில்லை, காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கடையில் பிழை பிடித்தவர்கள்தான் காசு கேட்டு வருவார்கள், நான் நன்றி சொன்னவருக்குத் திருப்பிக் கொடுத்தவன்.

நானா, இதெல்லாம் கம்பனிக்காரன் வேண்டுமென்றே செய்கிற வேலை. பழையதை மெதுவாக்கினால்தானே புதுசு விற்கும்? நீங்களும் கடை வைத்திருக்கிறீர்கள், அதனால் உண்மையைச் சொல்லமாட்டீர்கள். – அக்கரைப்பற்று வாசகர்

தம்பி, எனக்குப் புது டெப் விற்கும் கடை இல்லை, பழையதைத் திருத்தும் கடை. பழையது மெதுவானால் எனக்குத்தான் லாபம். ஆகவே நான் கம்பனியைத் திட்டினால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்!

உங்கள் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2017 ஜனவரியில் ஆப்பிளின் ஐஓஎஸ் சிஸ்டத்துக்கு வந்த 10.2.1 அப்டேட், பற்றரி கிழடான ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. அந்த வருடக் கடைசியில் விசயம் வெளியே வந்து, ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 29 டொலராக இறக்கியது. 2018இல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அதிகாரசபை ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், கலக்சி நோட் 4க்குப் பொருந்தாத அப்டேட்டைப் போடச் சொன்னதற்காகச் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. 2020இல் பிரான்ஸ் தன் பங்குக்கு ஆப்பிளிடம் இரண்டரைக் கோடி யூரோ வாங்கியது.

சரி, ஏன் குறைத்தார்கள்? பற்றரி கிழடானால் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் வோல்ற்றேஜ் விழும், போன் அப்படியே அணைந்துவிடும். பழைய மோட்டார் சைக்கிளில் மேடான பாதையில் இரண்டு பேரை ஏற்றினால் நின்றுவிடுகிற மாதிரி. நின்றுபோகாமல் இருக்க வேகத்தைக் குறைத்தார்கள். காரணம் நியாயம்தான். சொல்லாமல் செய்தது அநியாயம். சொல்லியிருந்தால் ஆட்கள் பற்றரியை மட்டும் மாற்றியிருப்பார்கள், சொல்லாததால் போனையே மாற்றினார்கள். இதில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் இரண்டு விசயம். அந்த வேகக் குறைப்பு ஐபோனுக்கு மட்டும்தான், ஐபேட்டுகளில் அப்படி இல்லை என்று ஆப்பிள் அப்போதே சொன்னது. டெப்பில் பெரிய பற்றரி இருப்பதால் அந்தத் திடீர் இழுவை அதை அவ்வளவு ஆட்டாது. இரண்டாவது, எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2018இல் வந்த ஐஓஎஸ் 12, 2013இல் வந்த முதல் ஐபேட் எயார் வரைக்கும் பழைய சாமான்களை வேகப்படுத்தியது. அந்த வருடம் கடைக்கு வந்த கிழட்டு ஐபேட்டுகளுக்கு நான் அப்டேட் போட்டுக் கொடுத்தே நல்ல பெயர் வாங்கினேன்.

கம்பனிக்காரன் கெட்டவன் என்பதைவிட, அவன் தன்னுடைய புதுச் சாமானை மனதில் வைத்துத்தான் அப்டேட் எழுதுகிறான் என்பதுதான் சரி. உங்கள் டெப் அவன் பட்டியலில் கடைசி வரிசையில் இருந்தால், அடுத்த பெரிய அப்டேட்டை முதல் நாளே போடாமல் ஒரு மாதம் பொறுங்கள். முதல் பதிப்பில் உள்ள பிழைகளைத் திருத்திச் சின்ன அப்டேட் ஒன்று பின்னாலே வரும். அப்புறம் போடலாம். அவ்வப்போது வருகிற பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அறுகம்பேயில் சின்னத் தங்குமிடம் நடத்துகிறோம். முன் மேசையில் ஐபேட் ஒன்று நாள் முழுக்கச் சார்ஜில் நிற்கிறது, பதிவுகள் எல்லாம் அதில்தான். அப்டேட் போட்ட பிறகு திரையின் ஒரு மூலை மேலே எழும்பி, அந்த இடத்தில் வெள்ளையாக வெளிச்சம் தெரிகிறது. திரும்ப ரீசெற் செய்தால் சரிவருமா?

இதை வாசித்தவுடன் வயரைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் மறுகா பேசலாம்.

அது அப்டேட் அல்ல, பற்றரி ஊதியிருக்கிறது. உள்ளே இரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்து, பொரித்த பப்படம் மாதிரி உப்பி, திரையைத் தள்ளுகிறது. எழும்பிய மூலையை அமத்திப் பார்க்காதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள், கத்தி நுழைத்துத் திறக்க வேண்டாம். குத்துப்பட்டால் நெருப்பு. முடிந்தால் பதிவுகளை வேறொன்றுக்கு மாற்றி, அணைத்து, எரியக்கூடிய ஒன்றும் கிட்ட இல்லாத இடத்தில் வைத்து, திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் இப்படி ஒன்றைத் திறக்கும்போது பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொள்வேன். திரையின் பசையைச் சூடாக்கி இளக்க வேண்டும், ஆனால் ஊதிய பற்றரிக்குச் சூடு ஆகாது. அந்த இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்ரிக் தகட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். மனைவி அந்த நேரத்தில் தேத்தண்ணிகூடக் கொண்டுவரமாட்டா.

காரணம் இரண்டு. நாள் முழுக்க நூறு வீதத்தில் நிறுத்தி வைத்தது ஒன்று. சூடு மற்றது. சுற்றாடல் 35 பாகைக்கு மேல் போனால் பற்றரிக்கு நிரந்தரச் சேதம் வரலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. நம் பக்கம் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் 35 எல்லாம் காலை பதினொரு மணிக் கதை. (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே கச்சான் என்றால் வறுத்துத் தின்பதும்தான், முகத்தில் நெருப்பு அள்ளி வீசுகிற காற்றும்தான்.) அடுத்த டெப்பை வெயில் படாத மூலையில் வையுங்கள். பல சாம்சங் டெப்களில் 80 அல்லது 85 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருக்கிறது. 2024 முதல் வந்த சில ஐபேட்டுகளிலும் 80 வீத வரம்பு உண்டு. இல்லாத சாமானுக்கு, சுவரில் செருகுகிற சாதாரண ரைமர் ஒன்று போதும்.

தம்பி, மகன் கனடாவிலிருந்து அனுப்பின ஐபேட் எயார் 2. இப்போது அதற்கு அப்டேட்டே வருவதில்லை. பற்றரி பழுதாகிவிடுமா? – வாழைச்சேனை அம்மா

அப்டேட் வராததால் பற்றரி பழுதாகாது அம்மா. அது 2014இல் வந்த மொடல், ஐபேட்ஓஎஸ் 15ஓடு அதற்குப் பெரிய அப்டேட் நின்றுவிட்டது. இனிமேல் புதிய பாரம் ஏறாது, இப்போது ஓடுகிற வேகத்திலேயே ஓடும். தேவாரம் கேளுங்கள், வீடியோ பாருங்கள், பேரப்பிள்ளையோடு கதையுங்கள். வங்கி வேலை மட்டும் அதில் வேண்டாம். நாள் போகப் போக ஒவ்வொரு ஆப்பாக, "இனி உங்களுக்கு இல்லை" என்று சொல்லும். அப்போது மகனிடம் சொல்லுங்கள். பாவம், அவரும் ஏதாவது அனுப்ப ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

வந்தாறுமூலையில் படிக்கிறேன். எட்டாம் தலைமுறை ஐபேட்டில் ஐபேட்ஓஎஸ் 26 போட்டேன். எல்லாம் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கிறது, ஆனால் விசைப்பலகை வரவே நேரம் எடுக்கிறது.

அந்தக் கண்ணாடிதான் விசயம். 26ஐ ஏற்கும் ஐபேட்டுகளில் உங்களுடையதன் புரொசசர் ஆகப் பழையவற்றில் ஒன்று. பின்னால் இருப்பதை மங்கலாக்கி, வளைத்து, ஒளிரவைத்து ஒவ்வொரு கணமும் வரைவதற்கு வேலை இருக்கிறது. அணுகல் வசதிகளுக்குள் போய், ஒளி ஊடுருவுவதைக் குறைக்கிற சுவிட்சையும் அசைவுகளைக் குறைக்கிற சுவிட்சையும் போடுங்கள். பின்னணியில் ஆப்கள் தாங்களாகப் புதுப்பிப்பதையும் நிறுத்துங்கள். அழகு கொஞ்சம் குறையும், விசைப்பலகை வந்துவிடும். முந்தைய பதிப்பான 18க்குத் திரும்பலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். பழைய பதிப்புக்கு ஆப்பிள் ஒப்புதல் தருவதை நிறுத்திய பிறகு யாராலும் திரும்ப முடியாது. "செய்து தருகிறேன்" என்று காசு கேட்பவரிடமும் போக வேண்டாம்.

பற்றரியைக் காப்பாற்றுகிற ஆப், மெமறியைக் கூட்டுகிற ஆப் என்று மூன்று போட்டிருக்கிறேன். எது நல்லது? – ஏறாவூர் வாசகர்

மூன்றையும் அழித்துவிட்டு இரண்டு நாள் பாவித்துப் பாருங்கள். எது நல்லது என்று டெப்பே சொல்லும்.